நாலாம் நாள் முழுக்கு

இரண்டு வருஷமாக நின்றுபோயிருந்தது, வைகாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் திரும்பி வந்துவிட்டது. சேலையில் கறையைக் கண்டதும் சண்முகசுந்தரிக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, ஐம்பது வயதுப் பொம்பளைக்கு வருகிற சந்தோஷமா அது! கொல்லைப்புறத்து ஒதுக்கறைக்கு எல்லோரும் பார்க்கும்படி பாயைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். முக்கியமாகக் கோமு பார்க்க வேண்டும்.

கோமு இளையதாரம். பிள்ளை இல்லையென்று குற்றாலலிங்கம் பிள்ளை போன தையில் ஏரலிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பத்தொன்பது வயதுக்காரி. மாதாமாதம் அவள் ஒதுங்கும்போதெல்லாம் மூத்தவளுக்கு வயிறு பற்றி எரியும். இனி என்ன? மூன்று நாள் இருந்து, நாலாம் நாள் தலைமுழுகி, மஞ்சள் பூசி அவர் முன்னால் போய் நின்றால் சிறுக்கியின் ஆட்டம் அடங்கிவிடும்.

நாலாம் நாள் நிற்கவில்லை. எட்டாம் நாளும் நிற்கவில்லை. நிற்காமல் வீட்டுக்குள் கால் வைக்க முடியுமா?

பன்னிரண்டாம் நாள் கோமு முற்றத்தில் சோற்றை வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

"அக்கா, பாளையங்கோட்டையில மிஷன் டாக்டரம்மா இருக்காவளாம். பைய வண்டியில போயிட்டு வந்துருவோமா?"

"எனக்கு என்ன நோக்காடு? உனக்கு மட்டுந்தான் வரணுமோ? போளா அங்கிட்டு!"

கோமு வீட்டுக்குள் போனாள்.

அதற்குப் பிறகு அறையில் ஒரு வாடை கிளம்பியது. எத்தனை வாளி தண்ணீர் விட்டாலும் போகாமல், அறுத்த வாழைத்தண்டு குட்டையில் ஊறி அழுகுகிற மாதிரி, பாயிலும் சுவரிலும் கடைசியில் அவள் சோற்றிலும் ஏறிக்கொண்டது, உச்சி வெயிலில் வீட்டுக்குள்ளிருந்து அவரும் கோமுவும் சிரிக்கிற சத்தம் வந்தபோதெல்லாம் அது இன்னும் கூடியது. இடுப்பு கழன்றுவிடும் போல வலித்தது. சிரிப்புத்தான் அதைவிட வலித்தது.

பதினேழாம் நாள் மத்தியானம். கிணற்றடியில் யாரோ தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்கிற சத்தம்.

"ஏளா கோமு, அவுகளுக்கு மோர் ஊத்து."

வீட்டுக்குள்ளிருந்து குரல். சண்முகசுந்தரியின் குரல்.

அவள் தன் வாயைத் தொட்டுப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது.

கதவு திறந்தது. வாசலில் கோமு. முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அக்கா, பூதத்தானை வண்டி பூட்டச் சொல்லிட்டேன். வையுங்க, அடியுங்க, டாக்டரம்மாகிட்ட வந்துருங்க. உங்களுக்கு ஒண்ணு ஆச்சின்னா நான் தாங்கமாட்டேன்."

சண்முகசுந்தரிக்கு அழுகை வந்தது. இவள் மேலா இத்தனை நாள் எரிந்தோம்? போய்விடலாம். உயிர் இருந்தால் போதும். வருகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"வண்டி எதுக்குளா? நான்தான் இங்கன இருக்கேன்லா!"

பின்வாசலிலிருந்து வந்தது குரல்.

கோமு திரும்பினாள். முகம் மலர்ந்தது. "அக்கா! முழுகியாச்சா?"

"ஆச்சி. அந்த அறையச் சாத்திரு. ஒரே வாடை."

கோமு சாத்தினாள். உள்ளே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெளியே தாழ் விழுந்தது. "பூதத்தா, மாட்ட அவுத்துரு!"

சண்முகசுந்தரி கத்தினாள். சத்தம் வரவில்லை. கதவிடுக்கில் கண்ணை வைத்தாள்.

பின்வாசலில் அவளுடைய மாம்பழநிறப் பட்டு. ஈரக் கூந்தல், ஒரு நரை இல்லை. முகம், கல்யாணத்தன்று கண்ணாடியில் பார்த்த அவள் முகமேதான். பக்கத்தில் அவர். இவளைப் பார்த்து எத்தனையோ வருஷமாகச் சிரிக்காத சிரிப்பு.

அந்த நிலையிலும் அவளுக்கு வயிறு எரிந்தது.

பிறகுதான் தரையைப் பார்த்தாள். அவள் பாயிலிருந்து கிளம்பிய சிவப்பு, கதவுக்கு அடியில் நுழைந்து, வெயில் காய்ந்த முற்றத்தைத் தாண்டி, நேராகப் பின்வாசலுக்குப் போயிருந்தது. அந்த மஞ்சள் பூசிய பாதங்கள் அதன் மேல் நின்றன. குடித்தன. மடக்கு மடக்காக.