இதக்கண்ணாடி

மாலை நான்கு இருபதுக்கு விளக்குகள் அணைந்தன. எல்லோரும் இதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார்கள். கண்ணாடி இல்லாமல் பார்த்தால் திரை வெறும் சாம்பல் நிறம். ஜெனிட்டா மாட்டவில்லை. படம் அவளுடையது. அவள் முகங்களைப் பார்க்க வந்திருந்தாள்.

அந்தச் சிறிய ஊரில் பல்கலைக்கழகத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அதன் விடுதியில்தான் அவள் தம்பி ரூபன் காய்ச்சலில் இறந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகக் கேட்டைத் தட்டினான். வார்டன் திறக்கவில்லை. விசாரணையில் எதுவும் வெளிவரவில்லை. ஊருக்குச் சொல்ல அவளுக்கு இந்தப் படம் மட்டுமே இருந்தது. இந்த ஊரின் சுயாதீனத் திரைப்பட விழாவைத் தவிர வேறு எங்கும் அதை அனுப்பவில்லை.

முன்வரிசையில் அதே வார்டன், இப்போது ஓய்வுபெற்ற ஞானசிகாமணி, உட்கார்ந்திருந்தார். ஜெனிட்டாவின் பக்கத்தில் அம்மா.

கடைசிக் காட்சி வந்தது. ரூபன் கேட்டைத் தட்டும் நேரம். அரங்கு முழுவதும் புன்னகைத்தது.

ஜெனிட்டா எழுந்து பின்னால் ஓடினாள். விழாச் செயலாளர் கதிரேசன் கதவருகே நின்றிருந்தார்.

"இதத்தைப் பூஜ்யத்துல வெப்போம்னு சொன்னீங்களே சார்."

"பூஜ்யத்துல வெச்சுத்தாம்மா குடுத்தோம். நாட்டுலயே நம்ம விழா மட்டும்தான் அப்படிக் குடுக்குது."

"அப்புறம் ஏன் சிரிக்கிறாங்க?"

அவர் தன் காதோரம் தொட்டுக் காட்டினார். கண்ணாடிக் காம்பில் ஒரு சிறு திருகு. ஏற்றினால் கண்ணாடி நாடியைப் படித்து, வலிக்கும் இடத்தை அந்த ஆளுக்கு மட்டும் மாற்றிவிடும்.

"அவங்களே ஏத்திக்கிறாங்க. கையைப் பிடிக்கவா முடியும்?"

படம் முடிந்தது. கலந்துரையாடல் தொடங்கியது. ஒரு மாணவன் எழுந்தான்.

"தம்பி பஸ் ஏறி வீட்டுக்கு வர்றாருல்ல, அந்த எடம் செமக்கா."

"பஸ்ஸா? என் கண்ணாடியில கல்யாணமே ஆயிடுச்சுடா அவருக்கு," என்றாள் பின்னாலிருந்த பெண்.

"உனக்கு எதைப் போட்டாலும் கல்யாணம்தான்!"

சிரிப்பு. யாருக்கும் அதில் விந்தை இல்லை.

ஞானசிகாமணி மைக்கை வாங்கினார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"நம்மள யாரும்மா படம் எடுக்கப் போறாங்கன்னு நெனச்சேன். அந்த வார்டன் லுங்கியோட ஓடி வந்து கேட்டைத் திறக்குறாரு பாரு. பெத்த புள்ள மாதிரி தூக்கிட்டுப் போறாரு. நல்லா இரும்மா."

கைதட்டல் எழுந்தது. அந்த அரங்கில் யாரும் பார்க்காத ஒரு படத்தைப் பற்றி ஜெனிட்டா என்ன சொல்வது? இருக்கைக்குத் திரும்பினாள்.

ரூபனின் உடலைக் குளிப்பாட்டியவள் அம்மா. நடந்ததை மாற்றாமல் நினைவில் வைத்திருந்தவர்கள் இந்த உலகில் அவர்கள் இரண்டு பேர்தான்.

அம்மா இன்னும் கண்ணாடியைக் கழற்றவில்லை. அவள் விரல் திருகின் மேல் இருந்தது. பிறகு மெல்லக் கழற்றி, முந்தானையால் துடைத்து, மகளிடம் நீட்டினாள்.

"நல்லாத்தான்டி இருக்கான். நீயும் ஒரு தடவை பாக்குறியா?"