மறுமுனை

கிளிப் தரையில் விழுந்த சத்தம் லாயிடுக்குத் தெளிவாகவே கேட்டது. ஆனால் அது கவ்வியிருந்த காகிதம் தொய்யவில்லை.

ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டின் ஸ்டோர் ரூம் அது. வெளியே பட்டப்பகல் பதினொரு மணி. உள்ளே, கதவிடுக்கில் கம்பளியைத் திணித்து அவரே உண்டாக்கிக்கொண்ட கும்மிருட்டு. தன் பழைய கேமராவுக்கான அகல ஃபிலிமை அவர் தயார் ரோலாக வாங்குவதில்லை. நூறடிச் சுருளாக வாங்கி, இருட்டில் தடவித் தடவித் துண்டு வெட்டி, பழைய ரோல்களில் மிஞ்சிய கறுப்புக் காகிதத்தில் ஒட்டிக் கையாலேயே சுற்றுவார். சுற்றும்போது காகிதத்தின் மறுமுனையை யாராவது இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். சுற்று தொய்ந்தால், வெளியே எடுத்ததும் வெளிச்சம் புகுந்து எல்லாம் பாழ்.

இருபத்தாறு வருஷம் பிடித்தவள் அவர் மனைவி டோரதி. அவர் சுற்றச் சுற்ற அவள் கை அருகில் வரும். கடைசிச் சுற்றில் விரலோடு விரல் முட்டும். "விடட்டா?" என்பாள். "விடு" என்று அவர் சொன்னால்தான் விடுவாள். ஒருமுறை அவர் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டு நிற்க, "குக்கர் நாலு விசில் அடிச்சிடுச்சு, மனுஷா!" என்று கத்தினாளே தவிர, விடவில்லை. அப்படியொரு பிடிவாதக்காரி.

போன மாதம் ஆஸ்பத்திரியில், ஆக்சிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அதையேதான் கேட்டாள்: "விடட்டா?"

"விடாதே, டோரதி" என்றார் லாயிட். அழுதுகொண்டே, திரும்பத் திரும்ப.

மூச்சு நின்ற பிறகும் அவள் பிடி தளரவில்லை. நர்ஸ் வந்து, சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் அவரை விடுவித்தாள்.

நேற்று முப்பதாம் நாள் பூசை. இன்று கல்லறையில் கல் வைக்கிறார்கள். அதைப் படமெடுக்கத்தான் இந்த ரோல். அவளுக்குப் பதிலாக மேஜையின் மறுகோடியில் ஒரு கிளிப்பை மாட்டியிருந்தார். அதுதான் இப்போது விழுந்து கிடக்கிறது.

காகிதம் எங்கோ ஆணியில் சிக்கியிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஒரு சுற்று சுற்றினார். சிக்கியிருந்தால் வராது. வந்தது. இழுவை குறையாமல், பழகிய நிதானத்தோடு, அவர் பக்கம் வந்தது. கம்பளியின் புழுக்க வாசனைக்குமேல் ஆஸ்பத்திரி லோஷன் வாசனை மெல்ல ஏறியது. நெஞ்சு, வெட்கங்கெட்ட நெஞ்சு, சந்தோஷப்பட்டது.

இன்னொரு சுற்று. மேஜைமேல் வளையல் உரசியது.

"டாடி!" கதவுக்கு வெளியே மகள் சோஃபியா. "ஆட்டோ வந்துடுச்சு. இன்னும் எவ்ளோ நேரம்?"

இன்னொரு சுற்று. இன்னொன்று.

விரல் முட்டியது. சில்லென்று.

"விடட்டா?"

அவள் குரல். மாஸ்க்குக்குள்ளிருந்து கேட்ட அதே களைப்பு. முப்பது நாளாய் இப்படியேவா நிற்கிறாள்? தான் சொன்ன ஒரு சொல்லுக்காகவா? இதற்குமேல் அவளை வருத்தக்கூடாது.

"விடு" என்றார். "விடு, தங்கம். போ."

காகிதம் தொய்ந்தது. ரோல் உருண்டு விழுந்தது.

அந்தக் கை அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

"டாடி, யார்கிட்ட பேசறீங்க?"

சுண்டுவிரலைப் பிரித்தார். மோதிர விரல். அவளோடு புதைத்த மோதிரம் அதில் இருந்தது. நடுவிரல். ஆள்காட்டி விரல். கட்டைவிரலுக்கு வந்தபோது, சுண்டுவிரல் மறுபடி மடங்கியிருந்தது.