ஆணியில் தொங்கிய டோக்கன்

வடக்குத்து ஊருக்கு அப்பால், எப்போதோ வெட்டி முடித்துக் கைவிட்ட ஒரு பழைய சுரங்கப் பள்ளம் மழைத்தண்ணீர் தேங்கி ஏரியாகிக் கிடந்தது. ஞாயிறு மாலை நாலு மணிக்குக் கருணாகரன் தன் கயாக்கை, ஒற்றையாள் துடுப்புப் படகை, அதில் இறக்கினான். அவனுக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. வாரத்தில் ஒருநாள் தூண்டில் போடாவிட்டால் கை நமநமக்கும்.

லைஃப் ஜாக்கெட் போட்டான். போனைத் தண்ணீர் புகாத உறையில் வைத்துக் கழுத்தில் மாட்டினான். பைக்கை நிறுத்தியிருந்த கரையோரக் கருவேல மரத்து ஆணியில், 41 என்று பொறித்த தன் பித்தளை டோக்கனைத் தொங்கவிட்டான்.

சுரங்கத்துப் பழக்கம் அது. உள்ளே போனால் மாட்ட வேண்டும், வெளியே வந்தால் எடுக்க வேண்டும். ஆறு மணிக்கு நண்பன் இசக்கிமுத்து வந்து பார்ப்பான். டோக்கன் தொங்கினால் ஆள் இன்னும் தண்ணீரில் இருக்கிறான் என்று அர்த்தம், உடனே தீயணைப்புக்குச் சொல்லிவிடுவான். மூன்று வருடம் முன்பு, லாரி டியூபில் மீன் பிடிக்க வந்த சுரங்கத்து ஆள் ஒருவன் இங்கேதான் மூழ்கிச் செத்தான். உடலும் கிடைக்கவில்லை, அவன் டோக்கனும் கிடைக்கவில்லை. “அவனப் பாக்க ஆளில்ல, எனக்கு இருக்கு” என்று கருணாகரன் பெருமையடிப்பான். பெருமையடிக்கிற இடமா அது?

ஐந்தரைக்குத் தூண்டில் கனத்தது. இழுத்தான். மாட்டியது எதுவோ துள்ளவில்லை, அதுபாட்டுக்கு மேலே வந்துகொண்டிருந்தது. அழுகிய ரப்பர் நாற்றம் குப்பென்று அடித்தது. யாரோ விளிம்பைப் பிடித்து ஏறப் பார்த்ததுபோல் கயாக் ஒரு பக்கம் சாய்ந்தது.

கவிழ்ந்தது.

அவன் மேலே வந்தபோது துடுப்பைக் காணோம், கரை வெகுதூரத்தில் இருந்தது. கவிழ்ந்த கயாக்கைக் கட்டிக்கொண்டு போனைப் பார்த்தான், சிக்னல் இல்லை. ஆறு மணிக்கு இசக்கி வருவான், டோக்கனைப் பார்ப்பான் என்று தனக்கே சொல்லிக்கொண்டான்.

ஆறு மணிக்குக் கரையில் ஹெட்லைட் வந்தது. கருவேல மரத்தருகே கொஞ்ச நேரம் நின்றது.

திரும்பிப் போய்விட்டது.

போனில் ஒரு கோடு சிக்னல் வந்திருந்தது, இசக்கிக்குப் போட்டான்.

“இசக்கி, தண்ணியில கெடக்கறேன்டா! ஏன்டா போயிட்ட?”

“யாருல அது? கருணா போன வச்சு விளையாடுதியா? அவன் டோக்கன எடுத்தத என் கண்ணால பாத்தேன். எனக்கு முன்னாலதான் பைக்ல போறான். ஹாரன் அடிச்சாலும் திரும்ப மாட்டேங்கான்.”

இசக்கி போனை வைத்துவிட்டான். கருணாகரன் தீயணைப்புக்குப் போட்டான். வண்டி கிளம்புகிறது என்றார்கள். உயிர் வந்தது. அப்புறம்தான் அந்த பைக் எங்கே போகிறது என்று உறைத்தது. வீட்டில் மனைவி மணிமொழியும், நாலு வயது மகள் இளவேனிலும் மட்டும்தான். வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போட்டான், கால் மணி கழித்துத்தான் எடுத்தாள்.

“அவரு வந்துட்டாரே, குளிச்சிகினு இருக்காரு,” என்றாள் மணிமொழி. “நீங்க யாரு? அவரு போன் உங்க கையில எப்படி?”

“மணி, நான்தான்டி! பாப்பாவ தூக்கிகினு வெளிய ஓடு!”

போனுக்குள் தண்ணீர் கொட்டும் சத்தம் சட்டென்று நின்றது. ஒரு குரல் கேட்டது. அவனுடைய குரல்.

“யாரு மணி போன்ல?”

இணைப்பு அறுந்தது.

கயாக்கைத் தள்ளிக்கொண்டு வெறிபிடித்தவனாகக் காலை உதைத்தான். கரையேறி மரத்தடிக்கு ஓடினான். பைக் இல்லை. ஆணியில் ஒரு டோக்கன் தொங்கியது. பாசி படிந்து, இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. விரலால் துடைத்துப் பார்த்தான்.

41 இல்லை.

போன் அடித்தது. மணிமொழி.

“ஏங்க, அது நீங்கதானா?” என்று கிசுகிசுத்தாள். “இவரு தலைய தொவட்டிகினே இருக்காரு. தண்ணி நிக்கவே மாட்டேங்குது. வூடெல்லாம் ரப்பர் நாத்தம்.”

“பாப்பா எங்க?”

மறுமுனையில் சொட்டுச் சத்தம் மட்டும் கேட்டது.

“அவரு மடியில,” என்றாள்.