நல்ல தண்ணி

“கடல் மீனுக்குத் தாகம் எடுத்தா என்னம்மா பண்ணும்?” என்று இலக்கியா ஒருமுறை கேட்டாள். சேலத்தில் ஒரு அலங்கார மீன் கடைக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றிருந்தாள் அப்போது. “தண்ணிக்குள்ளயே கெடக்குது, அதுக்கென்ன தாகம் சாமி” என்று சிரித்தாள் அவள் அம்மா வசந்தாமணி.

பிறகு ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதே பிள்ளை உதடு வெடித்துக் கிடந்து தண்ணீர் கேட்டது. ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு சொட்டும் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். “முடிஞ்சதும் டம்ளர் நெறையாத் தாரேன் சாமி” என்றாள். பிள்ளை கண் விழிக்கவில்லை.

அதன்பின் வசந்தாமணி அழவில்லை. சோறாக்கினாள். தங்கள் கோழிப் பண்ணைப் பக்கமிருந்து எருவின் வாடை வந்தால் சன்னலைச் சாத்தினாள், காற்று திரும்பினால் திறந்தாள். கணவர் குணசீலன் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு கண்ணாடித் தொட்டியும் கடல் மீன் ஒன்றும் வாங்கிப் பிள்ளையின் அறையில் வைக்கச் சொன்னார்.

“உப்புத் தண்ணி மீன்தானுங்களே? எங்க போர்த் தண்ணியே உப்புதானுங்க, அதுல உட்டாப் போதாதா?” என்றார் குணசீலன்.

தொட்டியைப் பொருத்த வந்த கடைக்காரர் கௌதமன் சிரித்துவிட்டார். “அது துணி தொவைக்கவே ஆகாதுங்கண்ணா. கடல் உப்பு தனியாக் கரைக்கோணும்.” பிறகு வசந்தாமணியிடம் தணிந்து சொன்னார்: “தண்ணி ஆவியாப் போகும், உப்பு போகாதுங்கக்கா. இந்தக் கோட்டுக்குக் கீழ எறங்குனா நல்ல தண்ணி மட்டும் ஊத்துங்க. மீன் புதுசு, கூச்சப்படும். மூணு பக்கமும் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கறேன். லைட்டுப் போட்றாதீங்க. பக்கத்துல உக்காந்து மெதுவாக் கூப்புடுங்க. பழகுனாத் திங்கும்.”

“திங்கலீன்னா?”

கௌதமன் கறுப்புத் தாளின் ஓரத்தை விரலால் நீவி ஒட்டினார்.

விரல் நீள மீன். முன்பாதி வெள்ளை, வால் பக்கம் நெருப்புச் சிவப்பு. கல்லிடுக்கில் புகுந்ததுதான், வெளியே வரவில்லை. பொடி இறாலைச் சொட்டுக் குழாயில் எடுத்துக் கல்லருகே விட்டாள். அவை மணலில் படிந்தன. மீனின் வயிறு நாளுக்கு நாள் ஒட்டியது. தன் கண்ணெதிரே இன்னோர் உயிர் வாடிப் போகக்கூடாது. அவளுக்குள் மரத்துப்போகாமல் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

மதியம் குணசீலன் பண்ணைக்குப் போனதும் சன்னலை அடைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்து கூப்பிடுவாள். “வா சாமி. வந்து சாப்புடு சாமி.” அந்த ஊர்ப் பக்கம் குழந்தையும் சாமி, பெரியவரும் சாமி, கோயிலில் இருப்பதும் சாமி. யாரைக் கூப்பிடுகிறோம் என்று அவள் யோசிக்கவில்லை.

மீன் வரவில்லை. தண்ணீர்தான் குறைந்தது. முதலில் ஒரு டம்ளர் அளவு. மறுநாள் அதைவிட அதிகம். “வெயிலுங்கக்கா” என்றார் கௌதமன் போனில். அவள் நல்ல தண்ணீர் ஊற்றினாள்.

பிறகு கண்ணாடியின் வெளிப்பக்கத்தில், உப்புப் பூத்த ஒரு தடம். உதடுகள். இலக்கியா நின்றால் வாய் வரும் உயரம்.

“ஏனுங்க, தொட்டியில வாய் வெச்சீங்களா?”

“நான் எங்க அந்த ரூமுக்குள்ள போறேன் புள்ள?” என்று குணசீலன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் தடத்தைத் துடைக்கவில்லை. அடுத்த நாள் அதற்கு மேலே இன்னொன்று இருந்தது. அகலமானது. அதன் பக்கத்திலும் ஒன்று. பார்த்தாள். மனம் அசையவில்லை.

பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்திய ஒரு மதியம், கறுப்புத் தாளும் அடைத்த சன்னலுமாக அறை கிணற்றின் அடி போல் இருண்டு கிடக்க, தொட்டியின் மோட்டார் முனகி முனகி ஓய்ந்தபோது, அத்தனை நாளும் அந்த முனகலுக்கு அடியில் கிடந்த ஒரு சத்தம் மெல்ல மேலே வந்தது. வறண்ட தொண்டை, எச்சில் இல்லாமல் விழுங்கும் சத்தம்.

அவள் எழுந்தாள். சமையலறைக் குடத்திலிருந்து டம்ளரில் நல்ல தண்ணீர் மொண்டாள். விளிம்பு வரை. சிந்தாமல் கொண்டுவந்து, இருட்டில் மண்டியிட்டு நீட்டினாள். ஆண்டவனே, கொடுத்த வாக்கைக் காப்பாற்ற விடு.

“இந்தா சாமி.”

காய்ந்த கடலின் வாடை. அதோடு ஆஸ்பத்திரி மருந்தின் நெடி. அவள் விரல்கள்மேல் சின்ன விரல்கள் படிந்தன. சில்லென்று. உப்பு நறநறத்தது.

டம்ளர் சாய்ந்தது.

மடக். மடக்.

கனம் குறைந்தது. கடைசிச் சொட்டு வரை. முந்தானையால் அந்த வாயைத் துடைத்துவிட்டாள். துணி நனைந்தது. யாரும் பார்க்கவில்லை. தொட்டியில் ஒரு சிவப்பு அசைந்தது. மீன் கல்லைவிட்டு வெளியே வந்து, மணலில் கிடந்த இறாலைக் கவ்வியது. ஒன்று. இன்னொன்று.

சின்ன விரல்கள் விலகின.

மீன் சட்டென்று கல்லுக்குள் பாய்ந்தது.

காலி டம்ளரை அவள் கீழே இறக்கப் பார்த்தாள். முடியவில்லை. எதுவோ பிடித்திருந்தது. அவள் இரண்டு கைகளையும் ஒன்றாக மூடும் அளவுக்குப் பெரிய கை. மேலிருந்து. விழுங்கும் சத்தம் இப்போது அறையின் நான்கு மூலையிலும் கேட்டது.

“இருங்க சாமி” என்றாள் வசந்தாமணி. “தாரேன்.”