சுவரோரம் வைத்த மோதிரம்

நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யானாலும் உத்திரமேரூர் ஏரி என்னை விழுங்கட்டும். ஏரியில் இப்போது தண்ணீர் இல்லை. அதனால் என்ன, சத்தியம் சத்தியம்தான்.

செவ்வாய்க்கிழமை, காலை 10.40. மானாம்பதியில் அக்குபஞ்சர் மருத்துவர் ஞானதாஸின் கல்யாண மோதிரம் காணாமல் போனது.

கை கழுவும்போது அதைக் கழற்றிக் கட்டிலில் சுவரோரம் வைத்திருந்தார். கட்டிலில் படுத்திருந்தவள் ஆறு வயது இளவரசி. மூளையில் கட்டியை எடுத்தபின் அவளுடைய இடது கையும் காலும் துவண்டுவிட்டன. அந்த இடது பக்கம்தான் சுவரை ஒட்டி இருந்தது. தலையிலும் தோளிலும் காலிலும் ஊசிகள். அவற்றை எடுத்து முடித்துத் திரும்பினால், மோதிரம் இல்லை.

"இதுங்கள உள்ள வுட்டா இப்டித்தான் சார்," என்றான் உதவியாள் வினோத்குமார், குழந்தையின் தாய் செங்கேணியைப் பார்த்து.

"நான் எட்கல சார். பாப்பா ஊசியப் புடுங்கிடக் கூடாதுன்னு அதோட நல்ல கையப் புட்ச்சிக்கினே கீறேன்."

"மோதிரம் வராம இனிமே வைத்தியம் கெடையாது," என்றார் ஞானதாஸ்.

செங்கேணி கட்டில் காலைப் பற்றிக்கொண்டாள். "ஆபரேசன் பண்ணவங்க அனுப்ச்சிட்டாங்க. நீங்களும் தொரத்துனா எங்க சார் போவேன்?"

முழங்கால் வலிக்காகக் காத்திருந்த ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டம்மா ஆண்டாளம்மாள் எழுந்தார். எருமையின் ஏப்பத்தைக் கேட்டே வைக்கோல் திருடனைப் பிடித்தவர் அவர்.

"டாக்டரே, ஊசி எதனா சாஞ்சிருந்துச்சா?"

"இல்ல."

"வினோத்து, யாராச்சும் கொயந்த மேல குனிஞ்சாங்களா?"

"குனிஞ்சா ஊசி இடிக்கும்மா. யாரும் குனியல."

"அப்போ சொவத்துக்கும் ஊசிக்கும் நடுவுல கீறது யாரு?"

ஆண்டாளம்மாள் கட்டிலருகே வந்தார்.

"போர்வைய உதறுனீங்க. தலகாணிய உதறுனீங்க. அவ முந்தானையக்கூட வுடல. ஒண்ண மட்டும் தொடல. அது ஒண்ணும் பண்ணாதுன்னு நீங்களே முடிவு கட்டிட்டீங்க."

இளவரசியின் இடது கையைத் தூக்கினார். விரல்கள் மடங்கியிருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்தார். உள்ளே மோதிரம்.

"திருடி இவதான்!"

இளவரசி சிரித்தாள். செங்கேணி அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். ஞானதாஸ் அடுத்த செவ்வாயும் வரச் சொன்னார்.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அன்றுவரை இளவரசியின் இடது கை விரல்கள் ஒருமுறையும் மடங்கியதில்லை.