துடித்துணை

காலைக் கஞ்சியைக்கூட சுகந்தி ஆற வைத்துத்தான் குடித்தாள். அவள் நெஞ்சு கொஞ்சம் படபடத்தாலே போதும், ஆஸ்பத்திரிக் கண்ணாடிக்கு அப்பால் கிடக்கும் அவள் கணவன் எட்வினின் உடம்பில் ரத்தம் தாறுமாறாக ஓடும். காபி கிடையாது, சண்டை சச்சரவு கிடையாது, கெட்ட சேதியை அவள் காதில் போட யாருக்கும் அனுமதி கிடையாது. அவள் அவனுடைய துடித்துணை.

கிருமி அரித்த வால்வுகளை மாற்றியபின் ஓய்ந்துபோகும் இதயத்துக்குச் சில நாள், ரத்தத்தைத் தள்ளிக்கொடுக்கும் குருதித்துணை எந்திரம் கைகொடுக்கும். அந்தப் பம்ப் தன்பாட்டுக்கு ஓடுவதைவிட, உயிருள்ள ஒருவரின் துடிப்பைக் கேட்டு ஓடினால் நோயாளி சீக்கிரம் தேறுகிறார் என்று கண்டுபிடித்தாலும் பிடித்தார்கள், தூத்துக்குடியில் அதுவே பாசத்துக்கு அளவுகோலாகிவிட்டது. துடிப்பைப் பம்ப்புக்கு அனுப்பும் பட்டையை மார்பில் கட்டித் துடித்துணையாக இருந்தவருக்குக் கல்யாண வீட்டில் முதல் பந்தி. பிழைத்து எழுந்தவனிடம் யார் துடித்தார்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். மனைவி கட்டாவிட்டால் ஊர் வாய் சும்மா இருக்குமா?

ஆனால் சுகந்திக்கு இருப்புக் கொள்ளவில்லை. இதயம் தானாக ஓடுமா என்று எந்திரத்தைக் குறைத்துப் பார்க்கும்போதெல்லாம் அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. பம்ப்பும் அவளோடு சேர்ந்து பதறி, எட்வினின் இதயத்துக்கு வேலையே வைக்காமல் எல்லா ரத்தத்தையும் தானே தள்ளியது. ஜெபம் சொன்னாள், கண்ணை மூடினாள், பல்லைக் கடித்தாள். பல்லைக் கடித்தது இன்னும் மோசம். எந்திரத்தின் குழாய்கள் இனியும் உள்ளே கிடந்தால் அவை வழியே புது வால்விலும் கிருமி குடியேறிவிடும் என்று சொன்ன டாக்டர் கோமதிநாயகம் சுற்றி வளைக்கவில்லை.

"நீங்க பயப்படப் பயப்பட அவர் இதயம் சோம்பேறியாகுதும்மா. இவர் பிழைச்சாலும் போனாலும் தூக்கம் கெடாத ஆள் யாராவது இருக்காங்களா?"

இருந்தான். எட்வினின் தம்பி ஜெபஸ்டின். அப்பாவின் அடக்கத்தன்று மூண்ட சண்டையில், அண்ணன் செத்தாலும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனவன். சுகந்தி வெட்கத்தை விட்டு அவனைப் போனில் கூப்பிட்டாள். அந்த ஆளுக்காகத் தன்னால் அழ முடியாது என்றான் அவன்.

"அழ வேண்டாம். உனக்குக் கவலை இல்லல்லா, அதுக்காகத்தான் கூப்பிடுதேன்."

"சரி மைனி, வாரேன்."

வந்தான். பட்டையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தவன், வாயைத் திறந்தபடி தூங்கியும் போனான். வெளியே நிறுத்தப்பட்ட சுகந்திக்கு அதைப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பம்ப் சீராக ஓடியது. குறைக்கக் குறைக்க எட்வினின் இதயம் தயங்கித் தயங்கித் தன் வேலையை எடுத்துக்கொண்டது. சாயங்காலம் குழாய்களை எடுத்தார்கள். ஜெபஸ்டின் அண்ணன் முகத்தைப் பாராமலே பஸ் ஏறினான்.

கண் விழித்த எட்வினிடம் நர்ஸ் முந்திக்கொண்டு, துடித்தவன் பெயரைச் சொல்லிவிட்டாள். அவன் கண்ணீர் காது வரைக்கும் வழிந்தது.

"என் தம்பியா? அவ்வளவு பாசமா எம்மேல?"

"ஆமா," என்றாள் சுகந்தி. உண்மையைச் சொல்லி அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"நீ ஏன் கட்டல?"

முதலில் கட்டியது தான்தான் என்றால், தம்பியை எதற்குக் கூப்பிட்டாள் என்பதையும் சொல்ல வேண்டிவரும். "எனக்குப் பயமா இருந்துச்சு."

எட்வின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.