சீமாட்டியின் வயிற்றில் என்ன?

"ஐயோ... சீமாட்டி விழுந்துட்டா!"

அண்ணியின் அலறலில் லாயத்தின் தகரக் கூரையே அதிர்ந்தது.

சீமாட்டி... அவள் வளர்க்கும் குதிரை. புரண்டது. எழுந்தது. முன்னங்காலால் தரையைப் பிறாண்டியது. தன் வயிற்றையே திரும்பித் திரும்பிப் பார்த்தது. மறுபடி விழுந்தது!

டாக்டர் ஓடி வந்து ஊசி போட்டார். மூக்கு வழியாகக் குழாயை இறக்கினார்.

"பிழைப்பாளா டாக்டர்?"

"குடல் அசையவே இல்லம்மா. அசைஞ்சா பிழைப்பா."

பதறாதீர்கள் கண்ணுகளா... பதற இன்னும் இருக்கிறது.

வாசலில் போலீஸ் ஜீப்! இன்ஸ்பெக்டரம்மா இறங்கினாள்.

கூட்டி வந்தவன் அண்ணியின் கொழுந்தன். லாயம் லாயமாகக் குதிரை டானிக் விற்கிறவன். அண்ணி வெந்தயம், சோம்பு, ஆளி விதை அரைத்துத் தீவனத்தில் கலக்க, மற்ற லாயங்களும் அதையே பிடித்துக்கொண்டதிலிருந்து அவன் டானிக்கைச் சீந்த ஆளில்லை.

"மேடம், இவங்க பொடிதான் விஷம்! புடிச்சு உள்ள போடுங்க!"

"தம்பி! நான் வளர்த்த உயிருக்கு நானே விஷம் வைப்பேனா?"

"தெரியாம வெச்சிருப்பீங்க அண்ணி. உங்களுக்குதான் எல்லாம் தெரியுமே!"

இன்ஸ்பெக்டரம்மா குதிரையருகே போனாள். குனிந்து, குதிரையின் விலாவில் காதை வைத்தாள்.

"என்ன மேடம், ஜோசியம் கேக்கறீங்களா?" கொழுந்தன் இளித்தான்.

"சாட்சிய விசாரிக்கறேன். நீங்க பார்த்தத சொல்லுங்க."

"பொடி கலந்த தீவனத்த வெச்சாங்க. தின்னதும் பச்சை பச்சையா வாந்தி! ஆதாரத்துக்குப் பாட்டில்ல புடிச்சேன்."

நீட்டினான். உள்ளே பச்சையாக ஏதோ கொழகொழத்தது.

அண்ணி திகைத்தாள். டாக்டர் வாயைத் திறந்தார். இன்ஸ்பெக்டரம்மா கண்ணைக் காட்ட... இருவரும் கப்சிப்!

"வாயாலதான் எடுத்துச்சா?"

"பின்ன? தலையக் குனிஞ்சு, ஓங்கரிச்சு ஓங்கரிச்சு..."

"நீங்களே பார்த்தீங்க?"

"சத்தியமா மேடம்!"

"குதிரைக்கு வாந்தி வராது சார்."

"எ... என்னது?"

"உள்ள போனது வாய் வழியா திரும்பாது. அதோட உடம்பு வாகு அப்படி. நான் குதிரைப் போலீஸ்ல இருந்து வந்தவ. இத்தனை வருஷமா டானிக் வித்தீங்களே... ஒரு தடவையாவது குதிரையப் பார்த்தீங்களா?"

கொழுந்தனின் சட்டை வியர்வையில் ஒட்டியது.

"பொடியக் கரைச்சு பாட்டில்ல ஊத்தியாச்சு, சரி. அதோட வயித்துக்குள்ள என்ன போட்டீங்க? சொல்லுங்க!"

"பூ... பூஞ்சை புடிச்ச சோளம் மேடம்! லேசா வலிக்கும்னுதான்... பழி பொடி மேல விழும்னு..."

"அடப்பாவி!" அண்ணி அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"சத்தம் போடாதீங்க!" விலாவில் ஸ்டெதாஸ்கோப்போடு டாக்டர் கத்தினார்.

குதிரையின் வயிற்றுக்குள்...

கட... கடமுடா...

அப்புறம், வால் பக்கமிருந்து... டர்ர்ர்ர்!

"அசைஞ்சிடுச்சும்மா! பொழைச்சிட்டா!"

அண்ணி குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

கொழுந்தனை ஜீப்பில் ஏற்றிய கான்ஸ்டபிள், பாட்டிலோடு திரும்பி வந்தார்.

"இத என்ன பண்றது மேடம்?"

"பத்திரம்யா! உலகத்துலயே முதல் குதிரை வாந்தி... மியூசியத்துல கேப்பாங்க!"